'ரெஸ்பான்சிபிள்' கட்டு

பீளமேட்டு மில் முதலாளி பொங்கியண்ணனுக்கு இங்கிலீஷில் தம் பெயரை எழுதத் தெரியும். அந்தக் கையெழுத்துக்கு மேலே இருக்கும் வரிகளெல்லாம் சுந்தரராஜுலுவின் வேலை. மில் வெறும் பருத்தி பிரிக்கும் கொட்டகையாக இருந்த நாள் முதல், பைகாரா மின்சாரம் வந்து அது மூன்று மாடியாக எழும்பி நிற்கும் இன்று வரை, சீமைக்கும் மெட்ராஸுக்கும் போன கடிதம் ஒவ்வொன்றும் அவர் கைப்பட எழுதியதுதான்.

என்ன, ஒரு கடிதத்துக்கு ஒன்றரை நாள் பிடிக்கும்.

சோம்பல் என்று யாரும் சொல்ல முடியாது. இங்கிலீஷ் பாஷையில் குணத்தைச் சொல்லும் வார்த்தைக்குப் பின்னால் ஒரு பொடி வார்த்தை வந்து ஒட்டிக்கொள்கிறதே, அதுதான் அவரைத் தாமதப்படுத்தியது. பயந்தவனுக்கு 'ஆஃப்'. கெட்டிக்காரனுக்கு 'அட்'. கல்யாணமானவன் பெண்டாட்டியோடு 'வித்' அல்லவா இருக்க வேண்டும்? இல்லை, அவனுக்கு 'டு'. இதற்கெல்லாம் நியாயம் கேட்டு யாரிடம் போவது? இலக்கணப் புத்தகம் ஜாதகம் பார்த்து ஜோடி சேர்க்கிறது. உண்மையில் யார் யாரோடு குடித்தனம் நடத்துகிறார்கள் என்பது வெள்ளைக்காரன் எழுதிய கடிதத்தில்தான் தெரியும் என்பது அவர் கட்சி. 'டிஃபரண்ட்' என்ற ஆசாமியை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் 'ஃப்ரம்' ஒருத்திதான் என்று சொல்லிக் கொடுத்தார்கள். மான்செஸ்டர் கம்பெனியின் கடிதத்தில் அவன் 'டு'வோடு இருந்தான். அமெரிக்காக் கடிதத்தில் 'தேன்' என்ற மூன்றாமவளோடு பகிரங்கமாகவே உட்கார்ந்திருந்தான்.

ஆகவே ஒரு வெள்ளைக்காரன் எழுதியதைக் கண்ணால் பார்க்காமல் சுந்தரராஜுலு எந்த ஜோடியையும் தம் கடிதத்தில் சேர்ப்பதில்லை. பார்ப்பதற்கு வசதியாக, வந்த கடிதங்களை எல்லாம் அந்த ஜோடிகளின்படியே கட்டிவைத்தார். தேதி கிடையாது, கம்பெனிப் பெயர் கிடையாது. நான்கு பீரோ நிறையச் சிவப்பு நாடாக் கட்டுகள்; கட்டுக்கு ஒரு சீட்டு. 'அவேர் ஆஃப்', 'கேப்பபிள் ஆஃப்', 'ஸாரி ஃபார்'. எல்லாவற்றிலும் பருத்தது 'ஸர்ப்ரைஸ்ட் அட்' கட்டு. மில்லிலிருந்து என்ன புகார் எழுதினாலும், கம்பெனிக்காரர்கள் ஆச்சரியப்படுவதாகவே பதில் போட்டார்கள்.

இந்த ராஜ்யத்துக்குள் தை மாதம் தாமஸ் வந்து சேர்ந்தான். மிஷன் பள்ளியில் படித்தவன். தோளில் டைப்ரைட்டர், வயது இருபத்தாறு. ஒரு கடிதத்தைப் பத்து நிமிஷத்தில் தட்டி, நகலும் எடுத்து நீட்டுவான். பொடி வார்த்தை எதுவானாலும் வாயில் முதலில் வந்ததைப் போட்டுவிடுவான்.

"ஏனுங்க சார், 'ஆங்கிரி'க்கு அப்பறம் 'ஆன்' போட்டா என்னுங்க? கோவம் ஒருத்தன் மேலதானுங்களே வருது?" என்று கேட்டான் ஒருநாள்.

"தமிழ்ல மேல வரும் தம்பி. இங்கிலீஷ்ல 'வித்', கூட வரும்."

"அது எப்படீங்க?"

"எப்படின்னு கேக்காதே. எந்தக் கடுதாசின்னு கேளு, எடுத்துக் காட்டறேன்."

தாமஸ் கேட்கவில்லை. அவன் கடிதம் அதற்குள் தபாலில் போயிருந்தது.

மாசி பிறந்ததும் முதலாளி இருவரையும் கூப்பிட்டார். போன வருஷத்துப் பஞ்சு ஒப்பந்தம் ஒன்றைக் கேட்டபோது, சுந்தரராஜுலு அதை 'ஆங்ஷியஸ் ஃபார்' கட்டிலிருந்து எடுத்துத் தந்ததில் அவருக்குத் தலை சுற்றிப்போயிருந்தது.

"தாமஸு, அந்தப் பீரோவெல்லாம் பிரிச்சுத் தேதிப்படி அடுக்கிப்போடு. மாசக் கடைசிக்குள்ள முடிச்சுப்போட்டீன்னா, கடுதாசி எழுதறதும் உன்ற வேலைதான். ராஜுலு, கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குச் சம்பளத்துல ஒண்ணும் கொறைக்க மாட்டனுங்க."

வீட்டில் மனைவி பங்காரு இதைக் கேட்டுவிட்டு, "சம்பளம் உண்டுங்கறாரு, வேலை இல்லைங்கறாரு. இதுக்குப் போய் மூஞ்சியத் தொங்கப்போட்டா எப்படிங்க?" என்றாள்.

"எழுதறது போயிடும், பங்காரு."

"போனா போகட்டும். ஒரு கடுதாசி எழுதற நாளெல்லாம் ராத்திரி சாப்பாட்டுல உப்பு இருக்கா இல்லையான்னு கூட உங்களுக்குத் தெரியறதில்ல."

மேஜை முன் உட்கார்ந்து, பேனாவைத் தொட்டு, ஒரு சரியான ஜோடியை வரியில் இறக்கிவைக்கும் அந்த ஒரு கணத்துக்காகத்தான் அவர் தினம் மில்லுக்குப் போனார். அதை இவளுக்கு எந்தப் பாஷையில் சொல்வது?

தாமஸ் மளமளவென்று வேலையில் இறங்கினான். முதல் இரண்டு பீரோக்களும் தேதிக்கு மாறின. 'எம்' எழுத்து வரைக்கும் நாடாக்கள் தரையில் அறுந்து கிடந்தன.

அந்த வாரத்தில்தான் நூற்பு அறையின் பெரிய மோட்டார் புகைந்து கருகிப்போனது. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வேறு மோட்டார் கேட்டு எழுதியதற்கு, மெட்ராஸ் ஏஜெண்டுகள் வழக்கப்படி ஆச்சரியப்பட்டுவிட்டு, கண்ணையா என்ற தங்கள் ஆளையே அனுப்பிவைத்தார்கள். கோட்டு, டை, கையில் தேதிப்படி கோத்த ஃபைல். காலை ரயிலில் வந்தவர் சாயங்கால ரயிலைப் பிடிக்க அவசரப்பட்டார்.

"இதோ பாருங்க, ஆரம்பத்துலேர்ந்து எல்லா லெட்டரும் வரிசையா இருக்கு. இத்தனை நாள் ஓடும்னு நாங்க எதுலயும் சொல்லல. சொல்லியிருந்தா காட்டுங்க, இன்னிக்கே புது மோட்டாருக்கு எழுதிக் கொடுத்துட்டுப் போறேன்."

"தாமஸு, தேடு" என்றார் முதலாளி.

தாமஸ் தான் அடுக்கியதைப் புரட்டினான். சென்ற வருஷக் கட்டில் பாதிக்கு மேல் காணோம். அவை இன்னும் பிரிக்காத பீரோக்களில் எங்கேயோ கிடந்தன. "எந்த மாசங்க?" என்று கேட்டான். முதலாளிக்கு ஞாபகமில்லை. சுந்தரராஜுலு 'கேரண்டி' என்ற வார்த்தையை நினைத்து நினைத்துப் பார்த்தார். அப்படி ஒன்று அவர் கண்ணில் பட்டதே இல்லை.

மணி மூன்று. கண்ணையா கைக்கடிகாரத்தைத் திருப்பி இன்னொரு தடவை பார்த்தார்.

"அட, நீங்கதான படிச்சுச் சொன்னீங்க, ராஜுலு!" என்று முதலாளி வெடித்தார். "ரெண்டு வருசத்துக்கு மோட்டாருக்கு நாங்க பொறுப்புன்னு எழுதியிருக்கறான்னு சொன்னீங்கல்லோ? அன்னைக்கு நீங்க ஏதோ கல்யாண ஊட்டுக்காரராட்டச் சிரிச்சுக்கிட்டு, எல்லாத்துக்கும் காப்பி வாங்கிக் குடுத்தீங்களே!"

காப்பி!

சுந்தரராஜுலு எழுந்தே விட்டார். அன்று அவர் காப்பி வாங்கிக் கொடுத்தது மோட்டாருக்காக அல்ல. 'ரெஸ்பான்சிபிள்' என்ற வார்த்தை இரண்டு பொடி வார்த்தைகளை ஒரே வரியில் கூட்டிக்கொண்டு வந்ததை அவர் முதன்முதலாகப் பார்த்த நாள் அது. யாரிடம் என்பதற்கு 'டு', எதற்கு என்பதற்கு 'ஃபார்'. ஆளுக்கு ஒன்று, காரியத்துக்கு ஒன்று! அந்த வரி அவருக்கு மனப்பாடம். மோட்டார் எரிந்த நாளிலிருந்து அதைப் பத்துத் தடவையாவது மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருப்பார். அது இந்த மோட்டாரைப் பற்றியது என்று மட்டும் தோன்றவே இல்லை.

மூன்றாவது பீரோ. 'ஆர்' எழுத்து. தாமஸின் கை இன்னும் படாத தட்டு. நாடாவை அவிழ்த்து, மேலிருந்து நாலாவது தாளை உருவி மேஜைமேல் வைத்தார். அரை நிமிஷம் ஆகியிருக்காது.

கண்ணையா படித்தார். இரண்டு முழு வருஷங்களுக்கு மோட்டாரின் ஓட்டத்துக்குத் தங்களிடம் நாங்களே பொறுப்பாளிகள் என்று இருந்தது. கீழே அவருடைய துரையின் கையெழுத்து. யாராலும் மறுக்க முடியாத கோணல்.

"இது எங்க ஃபைல்ல எப்படி இல்லாமப் போச்சுன்னு தெரியலையே" என்றார் கண்ணையா.

"உங்க ஃபைல் தேதிப்படி வெச்சதுங்க" என்றார் சுந்தரராஜுலு பணிவாக.

கண்ணையா எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலுக்கு ஓடினார். முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தாமஸின் முகம் வெளுத்துப்போயிருந்தது. சுந்தரராஜுலுவுக்கோ நெஞ்சு பொங்கியது. பேனா தப்பித்தது, இனி யார் அசைக்க முடியும்?

"ராஜுலு, உக்காருங்க" என்றார் முதலாளி. "தாமஸு, மிச்ச ரெண்டு பீரோவையும் தொடாதே. பிரிச்சுப்போட்டதையும் பழையபடியே கட்டிப்போடச் சொல்லி இவருகிட்டக் குடு. அந்தக் கட்டெல்லாம் இவரு ஒருத்தருக்குத்தான் வெளங்கும். இந்த மனுசனை இத்தனை வருசமா மேஜையில கட்டிப்போட்டுக் கடுதாசி எழுதச் சொன்னேன் பாரு, எம்புத்தியச் சொல்லோணும். ராஜுலு, இனி நீங்க ஒரு வரி எழுத வேண்டாமுங்க. பீரோவுக்கே அதிகாரி நீங்கதான். அஞ்சு ரூவாய் கூடப் போட்டுக்கறேன். எழுதறதத் தாமஸு பாத்துக்குவான்."

சுந்தரராஜுலு வாயைத் திறந்தார்.

"முதலாளி, எழுத வேண்டாமுன்னா சரிங்க. ஆனா தம்பி எழுதறத ஒரு தடவை நான் பார்த்துத் திருத்தி..."

"தாராளமாப் பாருங்க."

"ரொம்ப உபகாரமுங்க."

"தபால்ல போன பொறவு பாருங்க. அதுக்கு முன்னால குடுத்தா, ஒன்றரை நாளு உங்ககிட்டயே இருந்துபோகும்."

மறுநாள் காலை பத்து மணிக்குத் தாமஸ் மெட்ராஸுக்கு ஒரு நினைவூட்டுக் கடிதம் தட்டினான். பத்தே காலுக்கு அது தபால் பையில் இருந்தது. பத்தரைக்கு நகல் பீரோ அறைக்கு வந்தது. சுந்தரராஜுலு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பென்சிலால் ஒவ்வொன்றாக அடிக்கோடு போட்டார். ஒன்பது வரிகளில் எட்டுப் பொருந்தா ஜோடிகள். ஒரு கம்பெனி இதைப் படித்தால் மில்லைப் பற்றி என்ன நினைக்கும்! அவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பங்காரு உப்பைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தாள்.

எட்டாம் நாள் மெட்ராஸிலிருந்து லாரியில் புது மோட்டார் வந்து இறங்கியது. கூடவே ஒரு பதில். அதில் துரை, தாமஸின் கடிதம் கிடைத்ததென்றும், அது மிகத் தெளிவாக இருந்ததென்றும் எழுதியிருந்தார்.

சுந்தரராஜுலு அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். பிறகு அதை மடித்து, எந்தக் கட்டிலும் சேர்க்காமல், சீட்டும் எழுதாமல், கடைசிப் பீரோவின் அடித்தட்டில் தள்ளினார். சுவருக்கு அப்பால் புது மோட்டார் ஒரு பிசகும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.