பதினாறு கையெழுத்து

கல்லுப்பாலம் பஜாரில் மொத்தம் முப்பத்தொரு கடைகள். 2004ஆம் ஆண்டு வரைக்கும் அந்தக் கடைகளின் குப்பை முழுவதும் பிரதேச சபையின் டிராக்டரில் ஏறி, தேயிலை மலை மேலிருந்த ஒரு பள்ளத்தில் போய் விழுந்தது. பள்ளத்துக்கு நேர் கீழே கிரீன்மூர் தோட்டத்துத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்கள். மழை பிடித்தால் அழுகிய கோவா இலையும் மீன்கழிவும் ஊறிய தண்ணீர்தான் குடிதண்ணீர்ப் பீலியில் வரும். அந்த வருஷம் லயத்துப் பிள்ளைகள் வரிசையாக வயிற்றோட்டத்தில் படுத்தபோது, இரண்டு பெண்கள் போய் டிராக்டருக்கு முன்னால் குறுக்கே உட்கார்ந்துகொண்டார்கள். ஒருத்தி நாகலெட்சுமி. மற்றவள் லயத்தில் அடுத்த காம்பராவில் குடியிருந்த அழகம்மா.

நாகலெட்சுமிக்கு அப்போது நாற்பத்தொரு வயது. மலையில் வழுக்கி விழுந்து இடுப்பு போனதில் கொழுந்துக்கூடை தூக்க முடியாமல், தோட்டத்து ஆள்பதிவான செக்ரோலில் பேர் வெட்டப்பட்டவள். புருஷன் இல்லை. ஒரே மகளை வட்டவளையில் கட்டிக்கொடுத்திருந்தாள். இழப்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லாததால் பயமும் இல்லை.

"அக்கா, எம்மேல கோவப்படாதீங்க. கொட்டச் சொன்னா கொட்டுறேன்" என்று டிராக்டர் ஓட்டும் செல்லசாமி எஞ்சினை நிறுத்திவிட்டுக் கெஞ்சினார்.

"சொன்னவங்கள இங்க வரச் சொல்லுங்க" என்றாள் நாகலெட்சுமி.

வந்தது சபையின் சமூக உத்தியோகத்தர் புனிதவதி. யாழ்ப்பாணத்துக்காரி, குடையும் ஃபைலுமாக மேட்டில் மூச்சு வாங்க ஏறி வந்தவள், சண்டை போடவில்லை. பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"இதை நிப்பாட்டினால் நாளைக்கு வேறொரு பள்ளம் தேடுவினம். அங்கயும் கீழ ஒரு லயம் இருக்கும்" என்றாள். "குப்பையை நீங்களே எடுங்கோ. பிரிச்சு எடுத்தால் அரைவாசிக்கு மேல குப்பையே இல்லை. நான் சபையோட கதைக்கிறன்."

கதைத்தாள். ஆறு மாதம் அலைந்து கதைத்தாள். தோட்டத்துப் பழைய மாட்டுப்பட்டியைச் சபை பொறுப்பெடுத்து, அதைப் பெண்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து பத்து வருஷத்துக்கு நடத்தலாம் என்று தீர்மானம் போட்டது. பதினாறு பெண்கள் சேர்ந்தார்கள். வேலை நின்றுபோனவர்கள், புருஷன் விட்டுப்போனவர்கள், ஒரு கை விளங்காத வீரம்மா. தோட்டக் கணக்கில் ஆளாகவே எண்ணப்படாத பதினாறு பேர். நாகலெட்சுமியைத் தலைவி ஆக்கினார்கள். அழகம்மா செயலாளர்.

அழகம்மாவைச் செயலாளர் ஆக்கியதற்குக் காரணம் இருந்தது. ஒன்பது வயதில் கண்டியில் ஒரு வீட்டு வேலைக்குப் போய்ப் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்தவள். அந்த வீட்டுப் பிள்ளைகள் படிக்கும்போது ஓரமாக நின்றே சிங்களம் எழுதப் படிக்கப் பழகியிருந்தாள். சபையிலிருந்து வரும் கடிதம் எல்லாம் சிங்களத்தில்தான் வரும். அழகம்மா வாசித்துச் சொன்னால் அதுதான் கடிதம்.

கடைக்கு இரண்டு வாளி கொடுத்தார்கள். அழுகுவது பச்சை வாளியில், மற்றது சிவப்பில். முதல் மாதம் முதலாளிமார் சிரித்தார்கள். ஒரு கறிக்கடைக்காரர் வேண்டுமென்றே எலும்பையும் போத்தலையும் ஒன்றாகப் போட்டு வைத்தார். வீரம்மா அந்த வாளியை அப்படியே கொண்டுபோய் அவருடைய கல்லாப்பெட்டிக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தாள். அடுத்த நாளிலிருந்து அவர் ஒழுங்காகப் பிரித்தார். காகித மட்டையும் போத்தலும் ஹட்டன் வியாபாரிக்குப் போயின. லீக்ஸ் தழையும் கோவா இலையும் மாட்டுப்பட்டிக்குள் குவியலாகி, கிளறக் கிளற ஆவி விட்டு, மூன்று மாதத்தில் கறுத்து உதிரும் உரமானது. நுவரெலியாப் பக்கத்து மரக்கறித் தோட்டக்காரர்கள் லொறி கொண்டுவந்து அள்ளிப்போனார்கள். அந்த உரத்தில் விளைந்த லீக்ஸ் திரும்ப இதே பஜாருக்கு வந்தபோது நாகலெட்சுமி ஒரு கட்டை மோந்து பார்த்து, "இது நம்ம வீட்டுப் புள்ள" என்றாள். கடைக்காரர் சிரித்து அந்தக் கட்டை அவளுக்கே கொடுத்துவிட்டார்.

மூன்று வருஷம் இப்படி ஓடியது. பீலியில் தண்ணீர் தெளிந்தது. 2006 தேர்தலில் நல்லமுத்து சபைக்கு நின்றபோது, தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டது இந்தப் பதினாறு பேரும்தான். "உங்க பட்டிய நான் கட்டடமாக்கித் தாறேன்" என்று அவர் பட்டி வாசலில் நின்று சத்தியம் பண்ணினார். ஜெயித்தார்.

2007 கார்த்திகையில் அழகம்மாவின் மகன் சுதாகரனைக் கொழும்பில் பிடித்துப்போனார்கள். சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்த பையன். யுத்தம் நடந்த அந்த நாட்களில் மலைநாட்டுத் தமிழர் அடையாள அட்டையோடு கொழும்பில் நடமாடினாலே ஆபத்து. ஒரு பொலிஸ் சுற்றிவளைப்பில் கடையிலிருந்த நாலு பேரையும் ஏற்றிப்போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை. அழகம்மா சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். நாகலெட்சுமிதான் கஞ்சி வைத்து ஊட்டினாள். பட்டியில் அவள் வேலையையும் சேர்த்துச் செய்தாள்.

மூன்றாவது வாரம் அழகம்மா எழுந்து பட்டிக்கு வந்தாள். கையில் சிங்களத்தில் எழுதிய ஒரு தாள்.

"போன மாசம் சபையில உரப் பயிற்சிக்குப் போனோம்ல, அதுக்குச் சைன் வைக்கணுமாம். சபையில கேக்குறாங்க."

அந்தத் துயரத்திலும் சங்கத்து வேலையை மறக்காமல் வந்திருக்கிறாளே என்று நாகலெட்சுமிக்கு மனசு இளகியது. முதல் கையெழுத்து அவளுடையது. பிறகு வரிசையாகப் பதினைந்து. வீரம்மா பெருவிரலை மையில் தோய்த்து வைத்தாள்.

நாலு நாளில் சுதாகரன் வீட்டுக்கு வந்துவிட்டான். லயமே கூடிக் கோயிலில் பொங்கல் வைத்தது.

தை முடிந்து ஒரு திங்கட்கிழமை காலை பட்டிக்குப் போனால் கேட்டில் புதுப்பூட்டு. உள்ளே யாரோ கம்பிக்கட்டு இறக்கிக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டு உதவியில் பெரிய கொட்டில் வரப்போகிறதாம். நடத்தப்போவது நல்லமுத்துவின் மச்சான். வேண்டுமானால் நாள்கூலிக்கு வரலாம் என்றான் காவல்காரன். புனிதவதி மிஸ்ஸிடம் ஓடலாம் என்றால் அவள் வவுனியாவுக்கு மாற்றலாகிப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது.

நாகலெட்சுமி நேராகச் சபைக்குப் போனாள். துணைக்கு அழகம்மாவைக் கூப்பிட்டாள். தலைவலி என்றாள் அவள். எழுதுவினைஞர் ஒரு ஃபைலைத் திறந்து தாளொன்றைக் காட்டினார். நடைபாதையில் நின்ற, சிங்களம் தெரிந்த செல்லசாமியை அழைத்து வாசிக்கச் சொன்னாள் நாகலெட்சுமி. அவர் மெல்ல வாசித்தார். நடத்தும் உரிமையைச் சங்கம் தன் விருப்பத்தோடு சபையிடம் திருப்பிக் கொடுக்கிறது. கீழே பதினாறு பேர். முதலில் நாகலெட்சுமி.

"இது பயிற்சித் தாளுங்க" என்றாள் அவள்.

செல்லசாமி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பயிற்சின்னு இதுல ஒரு எழுத்துக்கூட இல்லக்கா."

லயத்துக்குத் திரும்பி வந்த மூன்று மைலும் அவளுக்கு நினைவில் இல்லை. அழகம்மா அடுப்படியில் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழுந்ததும் கை நின்றது. கேட்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நல்லமுத்து தாளக் கையில குடுத்தாரு" என்றாள் மாவைப் பார்த்தபடி. "சைன் வந்தா சுதாவ விடச் சொல்லிப் போன் எடுப்பேன்னாரு. வராட்டி எனக்கு யாரையும் தெரியாதுன்னாரு. நான் என்னா செய்வேன் நாகு?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா?"

"நானே மொதல்ல சைன் வச்சிருப்பேன்டி. தெரிஞ்சே வச்சிருப்பேன். சுதா எந்தோள்ல தூங்குன புள்ள."

"நீ வைப்ப. மத்தவங்க? பதினாலு பேரும் ஒக்காந்து எம்புள்ள உசிரு பெருசா பட்டி பெருசான்னு பேசுவாங்க. ஒருத்தி மாட்டேன்னா? அதக் கேட்டுக்கிட்டு நான் இருக்கணுமா?"

நாகலெட்சுமிக்கு இன்னும் எரிந்தது. தன் கையால் கஞ்சி குடித்துக்கொண்டே இவள் அந்தத் தாளை மடியில் வைத்திருந்திருக்கிறாள்.

"யாருகிட்டயும் சொல்லிறாத" என்று அழகம்மா அவள் காலைப் பிடித்தாள். "இது வெளிய வந்தா சுதாவத் திரும்பப் புடிச்சிருவாங்க. அவரு அப்படித்தான் சொல்லியிருக்காரு."

நாகலெட்சுமி சொல்லவில்லை. ஏமாற்றி வாங்கிய கையெழுத்து என்று மனுக் கொடுத்திருந்தால் சபையில் கேள்வி வந்திருக்கும். யார் ஏமாற்றியது, எதற்காக என்ற கேள்வியும் கூடவே வரும். அதனால் வெறுமனே "எங்களுக்கு விளங்காமல் வைத்தோம்" என்று ஒரு கடிதம் கொடுத்தாள். கிடைத்தது என்று ஒரு முத்திரை குத்தினார்கள். அவ்வளவுதான்.

ஆனால் சனத்துக்குக் காரணம் வேண்டும். மற்றப் பெண்கள் அந்தத் தாளைப் பற்றிக் கேள்விப்பட்டார்கள். தலைவி கையெழுத்து முதலில். தலைவி சபைக்குத் தனியாகப் போய் வந்திருக்கிறாள். தலைவி வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். ஒரு காலை பீலியடியில் எல்லோரும் குடத்தோடு நிற்கும்போது வீரம்மா நேருக்கு நேராகவே கேட்டாள்.

"எங்கள என்னா வெலைக்குக் குடுத்த?"

நாகலெட்சுமி திரும்பி அழகம்மாவைப் பார்த்தாள். மூன்றடி தள்ளித்தான் நின்றாள் அவள். மகன் பேரை எடுக்க வேண்டியதில்லை. "நாகு அப்படிப்பட்டவ இல்ல" என்று ஒரு வார்த்தை போதும். அழகம்மா குடத்தைப் பீலிக்குக் கீழே வைத்து, நிறைந்து வழியும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

அந்தத் தாளைவிட இதுதான் நாகலெட்சுமியை வெட்டியது. தாள் பிள்ளைக்காக. இது யாருக்காக?

புதுக்கொட்டில் எழுந்தது. திறப்பு விழாவுக்கு வந்தவர்களுக்குக் காட்டப் பழைய சங்கத்துப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். நல்லமுத்துவின் மச்சான் போத்தலையும் மட்டையையும் மட்டும் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தை வேறொரு பள்ளத்தில் தள்ளினார். பெண்களில் எட்டுப் பேர் அங்கே நாள்கூலிக்குப் போனார்கள். அழகம்மா மேற்பார்வைக்கு. பஜார்க் கடைகளில் வாளி இரண்டும் ஒன்றாகிவிட்டன. நாகலெட்சுமி கடைப்பக்கம் போவதை நிறுத்தினாள். லயத்தில் ஒருத்தியும் அவளோடு பேசவில்லை. நெருப்புக்குச்சி கேட்டால்கூடப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினார்கள்.

ஒன்றரை வருஷம். 2009 ஆவணியில் சுதாகரன் கட்டாருக்குப் போனான். புறப்படும்போது நாகலெட்சுமியின் காலில் விழுந்து கும்பிட்டான். அவனுக்கு எதுவும் தெரியாது. "நல்லா இரு சாமி" என்றாள் அவள், மனசாரவே.

இனி அவனை யாரும் எதுவும் செய்ய முடியாது. அழகம்மா இப்போது சொல்வாள் என்று காத்திருந்தாள். ஒரு கிழமை, ஒரு மாதம், தீபாவளியும் வந்து போனது. கடைசியில் தானே போய்க் கேட்டாள்.

"வா அழகு. வீரம்மாகிட்ட மட்டுமாவது வந்து சொல்லு."

"எல்லாம் அடங்கிப்போச்சு. இப்ப எதுக்கு நாகு அதக் கெளறுற?"

"ஒனக்கு அடங்கிப்போச்சு."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாரியம்மன் கோயில் முன்னால் பெண்கள் கூடியிருந்த நேரத்தில் நாகலெட்சுமி போய் நின்று, தொடக்கத்திலிருந்து சொன்னாள். குரலை உயர்த்தவில்லை, அழவில்லை. அழகம்மா கூட்டத்தில்தான் இருந்தாள். பொய் என்று சொல்வாளோ என்று எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு எழுந்து போனாள்.

பிறகு வீரம்மா கேட்டாள். "அன்னைக்கே சொல்லியிருந்தா நாங்க மாட்டேன்னா சொல்லியிருப்போம்?"

"அவளுக்கு அது தெரியல" என்றாள் நாகலெட்சுமி. "எனக்கும் தெரியல. அதான் நானும் வாயத் தொறக்கல."

பட்டி திரும்பி வரவில்லை. புதிதாகக் கொடுத்த மனுவைக் காலம் கடந்துவிட்டது என்று சபை திருப்பி அனுப்பியது. ஆனால் தைப்பொங்கல் கழிந்து வீரம்மாவும் இன்னும் ஐந்து பேரும் நாகலெட்சுமியின் மரக்கறிப் பாத்தியோரத்தில் ஒரு குழி வெட்டினார்கள். ஏழு கடைகள் திரும்ப வாளி வைக்கச் சம்மதித்தன. செல்லசாமி வேலை முடிந்து போகும்போது பச்சை வாளிகளை மட்டும் இறக்கிவிட்டுப் போவார். சங்கம் என்று பேர் வைக்கவில்லை. தலைவியாக இரு என்று நாகலெட்சுமியை எவ்வளவோ கேட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டாள்.

சித்திரையில் மச்சானுக்கும் நல்லமுத்துவுக்கும் ஏதோ தகராறாகி அழகம்மாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இரண்டு நாள் கழித்து அவள் குழியடிக்கு வந்து மண்வெட்டியைத் தொட்டுக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் நாகலெட்சுமியின் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஆளு பத்தாது, வேலை செய்யட்டும்" என்றாள் நாகலெட்சுமி.

அழகம்மா அன்றைக்கு முழுவதும் குனிந்த தலை நிமிராமல் கிளறினாள். பத்து மணித் தேத்தண்ணிக்கு எல்லோரும் உட்கார்ந்தபோது நாகலெட்சுமி அவளுக்கும் ஒரு கோப்பை ஊற்றி வைத்தாள். வைத்துவிட்டு, தன் கோப்பையை எடுத்துக்கொண்டு வீரம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.