விரற்கடைத் தூரம்

குடோன் மேஸ்திரிக்கு மூட்டைக்காரன் தர வேண்டியது பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய். மகளை டேக்வாண்டோ வகுப்பில் சேர்க்க வாங்கியது, வட்டியோடு அப்படி வளர்ந்து நின்றது. "மூட்ட தூக்கறவன் பொண்ணுக்குக் கொரியாக்காரன் சண்ட கேக்குதா?" என்று பெண்டாட்டி தலையிலடித்துக்கொண்டதற்கு அவன் காது கொடுக்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகியவன். வகுப்பு வாசலில் ஒட்டியிருந்ததை வெயிலில் நின்று படித்து முடித்திருந்தான். உடம்பு உறுதிப்படும், மனசு ஒருநிலைப்படும், பயம் போகும். அந்தக் கடைசி வரிக்காகவே கடன் வாங்கினான். தனக்குப் போகாதது அவளுக்காவது போகட்டும்.

போனது. சின்ன வயசிலிருந்து படுத்தியெடுத்த மூச்சிழுப்பும் அடங்கியது. தரையைப் பார்த்துப் பேசியவள் ஆளின் கண்ணைப் பார்த்துப் பேசினாள். அப்பன் மூட்டை இறக்கும் குடோனிலேயே பேக்கிங் வேலைக்கும் சேர்ந்தாள்.

போன வாரம், டேப் எடுக்கக் குனிந்தவளின் இடுப்பில் மேஸ்திரி கை வைத்தான். வகுப்பில் ஜோடி சேர்ந்து பழகும்போது, உதை எதிராளி மேல் படாமல் ஒரு விரற்கடை தள்ளி நிற்க வேண்டும். அது அவள் காலில் ஊறிப்போயிருந்தது. சுழன்ற பாதம் மேஸ்திரியின் காதோரம் வந்து அப்படியே நின்றது. அவனாகத்தான் அலறிப் பின்னால் சாய்ந்து அட்டைப்பெட்டிகளுக்குள் விழுந்தான்.

"காத்து பட்டதுக்கேவா மேஸ்திரி?" என்றான் லாரி டிரைவர். குடோனே சிரித்தது.

எல்லோரும் பார்த்தது விழுந்ததைத்தான். கை வைத்ததைப் பார்த்தவன், முதுகில் மூட்டையோடு நின்ற அப்பன் ஒருத்தன். அவள் நேராக முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

இன்று விசாரணை. அதற்கு முன்னால் மேஸ்திரி மூட்டைக்காரனை எடைமேடைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

"நான் எதையும் பாக்கலன்னு சொல்லு, போதும். பாக்கிய விட்டுடறேன். இல்லேன்னா சாயங்காலத்துக்குள்ள மொத்தத்தையும் எண்ணி வையி."

முதலாளி அறையில் மகளின் குரல் பிசிறில்லாமல் வந்தது. "கை வெச்சாரு சார். எங்கப்பா பாத்தாரு."

முதலாளி திரும்பினார். மூட்டைக்காரன் அவருடைய மேஜைக்காலைப் பார்த்தான்.

"நான் பாக்கலீங்க. தடுக்கி விழப்போனாளேன்னு புடிச்சிருப்பாரு."

வெளியே வந்ததும் மேஸ்திரி தோளில் கை போட்டான். "அந்தப் பாக்கிய மறந்துடுங்கண்ணே. இனிமே நமக்குள்ள ஒண்ணுமில்ல." இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அண்ணே.

மகள் எதிரில் வந்து நின்றாள். கால்களைச் சேர்த்து, கைகளைத் தொடையோடு ஒட்டவைத்து, வகுப்பில் ஆட்டம் முடிந்ததும் எதிராளிக்குச் செய்கிற மாதிரி, அப்பனுக்கு முன்னால் இடுப்பு வரை குனிந்து நிமிர்ந்தாள்.