மாஸ்டரக்காவின் வயிறு

கார் ஓட்டப் பழக வந்திருந்த பல் டாக்டர் மூன்றாவது கியரிலிருந்து நான்காவதற்கு மாறிய அதே நேரத்தில், மாஸ்டரக்கா தம் பக்கத்துக் கண்ணாடியை மெதுவாக இறக்கினார். வெளியே மழை சற்றுப் பலமாகவே பெய்துகொண்டிருந்தது. மழையில் ஒருவர் கண்ணாடியை இறக்கினால் ஏன் என்று கேட்கத்தான் தோன்றும். பல் டாக்டர் கேட்கவில்லை. சாலையையே பார்த்து, உதடுகளை இறுக மூடிக்கொண்டு ஓட்டினார். அவர் கேட்காமல் இருந்ததுதான் மாஸ்டரக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. கேட்டிருந்தால் சாக்கடை, குப்பை என்று எதன் மேலாவது பழியைப் போட்டிருக்கலாம்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கற்றுத்தரும் ஆண்களை மாஸ்டர் என்று அழைப்பது வழக்கம். பெண்களுக்குக் கற்றுத்தர ஒரு பெண் வந்தபோது அவரை எப்படி அழைப்பது என்று விளங்காமல் யாரோ ஒருவர் மாஸ்டரக்கா என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. பள்ளி அவருடைய கணவருக்குச் சொந்தம். ஆனால் பெண்கள் தேடி வந்தது மாஸ்டரக்காவைத்தான். ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்குகிறவர்களிடம் அவர், "உங்க காலுக்கு ஒரு பிரேக், என் காலுக்கு ஒரு பிரேக். இத்தனை கால் இருக்கு, ஒரு வண்டி நிக்காமலா போயிடும்?" என்பார். நடுக்கம் பாதி அங்கேயே இறங்கிவிடும்.

அறுவை சிகிச்சைக்கு அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். முழங்கால் தேய்ந்து, இரத்தத்தில் சர்க்கரை ஏறி, சீட் பெல்ட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்ட வேண்டிய நிலை வந்தபோது, அவரே விரும்பித்தான் போய்ப் படுத்தார். வயிற்றை ஒரு சின்னப் பை அளவுக்குச் சுருக்கி, குடலைக் குறுக்குவழியில் இணைத்துத் தைத்தார்கள். எடை மளமளவென்று இறங்கியது. முழங்கால் வலி விட்டது. பார்த்தவர்கள் எல்லாம் வயது குறைந்துவிட்டதாக வியந்தார்கள். குறைந்த வயதைப் பற்றிப் பேசிய எவரும் குடலைப் பற்றிப் பேசவில்லை. தொடக்கத்தில் சில வாரங்கள் போகவே மாட்டேன் என்று அடம்பிடித்த வயிறு, பிறகு நிற்கவே மாட்டேன் என்று கிளம்பிவிட்டது. கூடவே வாயு. வாசகர்கள் மன்னிக்க வேண்டும். கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் அதை மறைக்க உலகத்தில் எந்த வழியும் இல்லை.

கணவர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"இந்தா, உனக்காகவே தேடி வாங்கினேன்" என்று ஒரு பெரிய டப்பாவை மேசைமேல் வைத்தார். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புதினா மிட்டாய்கள். "சர்க்கரை கிடையாது. நீ சாப்பிடலாம். வண்டியில இருக்கற வரைக்கும் வாயில ஒண்ணு இருந்துக்கிட்டே இருக்கட்டும். கம்முனு மணக்கும்."

அலுவலகத்தில் கணக்கும் தொலைபேசியும் பார்க்கும் நாத்தனார், நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டே நிமிர்ந்தார். "அண்ணா, மணக்க வேண்டிய வாசல் அது இல்லண்ணா."

"உன்னை யாரு கேட்டா?"

"யாரும் கேட்கல. பாவம், மிட்டாயை வழிதெரியாம அனுப்பறீங்களேன்னு சொன்னேன்."

மாஸ்டரக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கணவர் அக்கறையாகத் தேடி வாங்கி வந்தது என்பதால், தட்டாமல் எடுத்துக்கொண்டார். ஒன்று கரைந்ததும் அடுத்தது. காலையில் சீருடைச் சட்டைப்பையில் நிரப்பிக்கொண்டு போனால் மாலையில் பை காலியாக இருக்கும். டப்பா தீரும் முன்பே கணவர் அடுத்த டப்பாவை வாங்கிவிடுவார். வயிறோ முன்னைவிட மோசமாகிக்கொண்டு வந்தது. பாடம் நடத்தும் சாலைகளில் எந்தக் கடையின் பின்புறம் கழிவறை உண்டு, எந்தப் பெட்ரோல் நிலையத்தில் தாழ்ப்பாள் சரியில்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குப் போனபோது இதைச் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனார். மருத்துவர் எடையைப் பார்த்து மகிழ்ந்தார். பிறகு, குனிந்து எழுதியபடியே, "மோஷன் எல்லாம் எப்படி?" என்று கேட்டார்.

மாஸ்டரக்கா வாயைத் திறந்தார்.

"ஒரு பிரச்சினையும் இல்ல டாக்டர்" என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த கணவர். "நார்மல். ரொம்ப நார்மல்."

மருத்துவர் தலையசைத்து அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். திறந்த வாயை மாஸ்டரக்கா மூடிக்கொண்டார். வெளியே வந்ததும், "ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டார்.

"பின்ன என்ன, அந்தக் கருமத்தையெல்லாம் விலாவாரியா சொல்லிக்கிட்டு இருப்பாங்களா? ஒரு பெரிய மனுஷன் முன்னாடி?"

"அவர் கேட்டாரே."

"மரியாதைக்குக் கேட்பாங்க. சாப்பிட்டியான்னு கேட்கற மாதிரி."

மாஸ்டரக்கா பையிலிருந்து இன்னொரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கோபம் வந்ததா என்றால், வந்திருக்கத்தான் வேண்டும். அதற்குப் பெயர் வைக்க அவருக்கு அப்போது தெரியவில்லை.

பெயர் தெரிந்தது அடுத்த வாரம். காலையில் வண்டிச் சாவியை எடுக்க ஆணியை நோக்கிக் கை நீட்டினார்; சாவி இல்லை. முற்றத்தில், அவருடைய வண்டியில், அவருடைய இருக்கையில், மீசை அரும்பிய புது மாஸ்டர் ஒருவர் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிக் கால் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்ச நாள் நீ ஆபீஸைப் பாரு" என்றார் கணவர், அவர் முகத்தைப் பார்க்காமலே. "கத்துக்க வர்றவங்க சொல்றாங்க."

"என்ன சொல்றாங்க?"

"என்ன சொல்லுவாங்க? உனக்குத் தெரியாதா?"

"யாரு சொன்னாங்க?"

"எல்லாரும்தான்."

எல்லாரும் என்ற அந்த ஒற்றைச் சொல் அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது. எத்தனை பெண்கள் அந்த வண்டியிலிருந்து உரிமத்தோடு இறங்கிப் போயிருக்கிறார்கள்! ஒருத்திக்குமா நேரில் சொல்லத் தோன்றவில்லை? அவர் மேசைக்குப் பின்னால் அமர்ந்து, ஜன்னல் வழியே தம் வண்டி தெருமுனையில் மறைவதைப் பார்த்தார். உடம்பு பெருத்திருந்தபோதும் அந்த இருக்கையில் இடம் இருந்தது. இளைத்த பிறகு இல்லை. நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது.

அலுவலகத்தில் ஒரே ஒரு கழிவறைதான். அதன் கதவு அன்று முற்பகலில் உள்ளே தாழிடப்பட்டிருந்தது. மாஸ்டரக்கா பொறுத்துப் பார்த்தார். பிறகு தட்டினார். பிறகு கொஞ்சம் பலமாகவே தட்டினார்.

"வரேன் அண்ணி, வரேன்! ஒரு நிமிஷம்!"

"ஒரு நிமிஷமெல்லாம் என் வயித்துக்குத் தெரியாதும்மா, சீக்கிரம்!"

நாத்தனார் வியர்த்த முகத்தோடு வெளியே வந்தார். இருவரும் கழிவறை வாசலில் ஒரு முறை இடம் மாறி, பின்னர் மறுபடியும் ஒரு முறை இடம் மாறிய பிறகுதான், எதிரெதிர் நாற்காலிகளில் சாய்ந்து பேச நேரம் கிடைத்தது.

"உனக்கென்னடி வந்துச்சு? நீ ஆபரேஷனா பண்ணிக்கிட்டே?"

"தெரியல அண்ணி. ஒரு மாசமா இப்படித்தான். குடிக்கிற தண்ணி சரியில்லையோன்னு காய்ச்சிக்கூடக் குடிச்சுப் பார்த்துட்டேன். உங்களுக்கு இருக்கற கஷ்டத்துல நான் வேற எதுக்குன்னு வெளிய சொல்லல." வயிற்றைத் தடவிக்கொண்டே நாத்தனார் மேசை இழுப்பறையைத் திறந்து, பழக்கத்தில் ஒரு புதினா மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மாஸ்டரக்கா அந்தக் கையையே பார்த்தார். "இது எப்பலேர்ந்து?"

"எது?"

"இந்த மிட்டாய்."

"உங்க டப்பாதான் அண்ணி. சும்மா உட்கார்ந்திருந்தா கை போகுது. சர்க்கரை இல்லையே, குண்டாகாதேன்னு..." நாத்தனாரின் தாடை அசைவதை நிறுத்தியது. மெல்லக் கையை வாய்க்கு அருகே கொண்டுபோய், மிட்டாயைத் துப்பினார்.

மாஸ்டரக்கா மருத்துவமனையின் உணவு ஆலோசகரைத் தொலைபேசியில் அழைத்தார். ஆலோசகர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஒரு நாளைக்கு எத்தனை சாப்பிடறீங்கம்மா?"

"பை நிறைய."

"அம்மா, சர்க்கரைக்குப் பதிலா அதுல சேர்க்கிற இனிப்பு நல்ல குடலையே கலக்கிடும். உங்களுக்குக் குடலையே மாத்தி வச்சிருக்கோம். சும்மா இருக்குமா? முதல்ல அதை நிறுத்துங்க. நிறுத்தினா ரொம்பக் குறையும். மிச்சம் கொஞ்சம் இருக்கும். அது ஆபரேஷனால வர்றது, அதுக்கு மருந்து இருக்கு, சாப்பாட்டுலயும் மாத்தலாம். ஆனா போன தடவை வந்தப்ப எல்லாம் நார்மல்னு டாக்டர் எழுதியிருக்காரே? நீங்கதானேம்மா சொல்லியிருப்பீங்க?"

மாஸ்டரக்கா நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். மிட்டாய் டப்பாவை எடுத்து மூடி, குப்பைக்கூடையில் போட்டார்.

"அண்ணி, தண்ணி வேணுமா?" என்றார் நாத்தனார்.

"வேணாம். உங்க அண்ணன் எங்கே?"

கணவர் முற்றத்தில் இருந்தார். வண்டி அப்போதுதான் திரும்பி வந்திருந்தது. அடுத்த முறைக்காரரான பல் டாக்டர் கைப்பையோடு காத்திருந்தார். புது மாஸ்டர் இருக்கையை விட்டு இறங்கவில்லை. மாஸ்டரக்கா நேராகப் போய்க் கணவர் முன்னால் நின்றார். அவர் குரலை உயர்த்திப் பேசி அந்த முற்றம் கேட்டதில்லை, அன்று கேட்டது.

"என் மோஷன் நார்மல்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

கணவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பல் டாக்டரைப் பார்த்தார். புது மாஸ்டரைப் பார்த்தார். "உள்ள வா. உள்ள வந்து பேசு."

"டாக்டர் என்னைத்தானே கேட்டாரு? உங்க வயித்தையா கேட்டாரு? என் வயித்துக்கு நீங்க யாரு பதில் சொல்ல?"

"மெதுவா பேசும்மா. அடுத்தவங்க நிக்கறாங்க."

"நிக்கட்டும். நான் ஓடி ஓடிப் போனப்பவும் அடுத்தவங்க நின்னாங்க. அப்ப மெதுவாவா போனேன்? நீங்க குடுத்த மிட்டாய்தான் என்னைக் கலக்கியிருக்கு. உங்க தங்கச்சியையும் சேர்த்துக் கலக்கியிருக்கு. அன்னைக்கு என் வாயால சொல்ல விட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். உங்களுக்குக் கூச்சம், அதனால நான் சீட்டை விட்டு எழுந்திரிக்கணும். அப்படித்தானே?"

கணவர் கெட்டவர் அல்லர். விஷயம் புரிந்ததும் முகம் வெளிறியது. ஆனால் வழக்கமாய் மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய், அப்போதும் வேறு வழியில்தான் போயிற்று.

"சரி, எனக்குத் தெரியுமா? நல்லதுன்னு நெனச்சுத்தானே வாங்கினேன். விடு. மிட்டாயை நிறுத்திடு. முழுசா சரியாகட்டும், அப்புறம் வண்டியைப் பத்திப் பார்க்கலாம்."

"முழுசா சரியாகாது. கொஞ்சம் இருக்கும்னு சொல்லிட்டாங்க."

"அப்ப எப்படி? மறுபடியும் எல்லாரும் சொல்ல மாட்டாங்களா?"

"எல்லாரும்னா யாரு? பேரைச் சொல்லுங்க."

கணவர் கழுத்தைத் தடவினார். பேர் எதுவும் வரவில்லை.

பல் டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. நான் ஒண்ணும் சொல்லலையே?"

"நீங்க சொன்னதா நான் சொல்லலம்மா..."

"தெரிஞ்சுது. தெரியாம இல்ல" என்றார் பல் டாக்டர், மாஸ்டரக்காவின் பக்கம் திரும்பி. "ஆனா நாள் முழுக்க அடுத்தவங்க வாய்க்குள்ள மூக்கை வச்சுக்கிட்டு இருக்கறவ நான். நான் பார்க்காத நாத்தமாக்கா? ஏறுங்க, நேரமாகுது."

நாத்தனார் வாசற்படியில் நின்று, "நல்லாச் சொன்னீங்க டாக்டர்!" என்று குரல் கொடுத்தார்.

மாஸ்டரக்கா சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலையில் அவர் இல்லை. வண்டியைச் சுற்றிப் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, இறங்குங்க."

புது மாஸ்டர் முதலாளியைப் பார்த்தார்.

"அங்க என்ன பார்வை? என்னைப் பாருங்க. உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. ஆம்பளைங்களுக்குக் கத்துக்குடுக்க இன்னொரு வண்டி இருக்கு. இது என் சீட்டு."

அவர் இறங்கினார். மாஸ்டரக்கா அமர்ந்து, பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்த இருக்கையை முன்னுக்கு இழுத்து, இரண்டு பாதங்களையும் தம் பக்கத்துக் கிளட்ச், பிரேக் மிதிகளின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். பல் டாக்டர் ஓட்டுநர் பக்கம் ஏறினார்.

"டாக்டர், முன்னாடியே சொல்லிடறேன். எனக்குக் குடல்ல ஆபரேஷன் ஆகியிருக்கு. நடுவுல நிறுத்தச் சொன்னா, காரணம் கேட்காம ஓரங்கட்டணும். கண்ணாடி எப்பவும் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். சம்மதமா?"

"சம்மதம்க்கா. ஓரங்கட்டறதுதான் எனக்கு வராது. பழகிக்கறேன்."

வண்டி கிளம்பும் அழகைப் பார்க்க எல்லோரும் நின்றார்கள். பல் டாக்டர் பதற்றத்தில் கிளட்ச்சைச் சட்டென்று விட, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. இரண்டாம் முறையும் அணைந்தது. அதற்குள் கணவர் மாஸ்டரக்கா பக்கத்து ஜன்னலில் கையை வைத்துக் குனிந்துவிட்டார்.

"இங்க பாரும்மா. அடுத்த தடவை டாக்டர்கிட்ட போறப்ப நானே எல்லாத்தையும் தெளிவா எடுத்துச் சொல்லிடறேன். சரியா?"

மாஸ்டரக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். இத்தனைக்கும் பிறகு இவருக்குப் புரிந்தது இவ்வளவுதானா என்ற எண்ணத்தில் கண்ணில் நீர் முட்டியது. அதையும் கோபமே துடைத்துவிட்டது.

"நீங்க வர வேணாம்" என்றார். "நான் தனியாப் போய்க்கறேன். கையை எடுங்க, கண்ணாடியில மாட்டிக்கப்போகுது."

கணவர் கையை எடுத்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க டாக்டர். முதல் கியர். கிளட்ச்சை மெதுவா விடுங்க. இன்னும் மெதுவா."

மூன்றாம் முறை வண்டி நகர்ந்தது.