கறை பூசிய கைகள்

அந்த முந்திரிப் பருப்பு டப்பாவின்மேல் இரண்டு கைகள் அச்சிடப்பட்டிருந்தன. மாசற்ற கைகள், மென்மையான கைகள். "இந்தக் கைகளைக் காப்பதே எங்கள் அறம்" என்று அவற்றின் கீழே பொன்னெழுத்து மின்னியது. அவை யாரோ ஒரு விளம்பர நடிகையின் கைகள். முந்திரிக்கொட்டையை அவை தொட்டதே இல்லை. தொட்டிருந்தால் விளம்பரத்துக்கு ஆகியிருக்காது.

தொட்ட கைகள் உடைப்புக் கொட்டகையில் இருந்தன. கொட்டையின் ஓட்டில் ஓர் எண்ணெய் உண்டு. அது பட்ட இடம் கொப்புளிக்கும், கருகும், பிறகு தோலாக உரியும். பெண்கள் கைகளில் சாம்பலைத் தடவிக்கொண்டு உடைத்தார்கள். கையுறைகள் இல்லையா? ஏன் இல்லை? மேலாளரின் அலமாரியில் பூட்டப்பட்டுப் பத்திரமாக இருந்தன. கைகளைக் காக்க வேண்டிய உறைகளை, அந்தக் கைகளிடமிருந்தே காத்துவந்தது நிர்வாகம்! பருப்பு வாங்கும் நிறுவனத்திலிருந்து ஆய்வுக்கு ஆள் வந்தால் அவை வெளியே வரும். ஆளின் கார் கிளம்பினால் உள்ளே போகும்.

அந்தக் கையுறை எல்லோரையும்விட ஒருத்திக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. கொட்டகையில் அவளைப் 'பச்சப்புள்ளக்காரி' என்றே அழைப்பார்கள். அவள் தொட்ட இடமெல்லாம் குழந்தையின் உடம்பு சிவந்து தடித்தது. அதனால் பாலூட்டும் வேளையில், ஓட்டைத் தொடாமல் அங்கேயே பருப்பைத் தரம் பிரிக்கும் அவள் நாத்தனார்தான் பிள்ளையைத் தாங்கிப் பிடிப்பாள். பெற்றவளோ இரு கைகளையும் காற்றில் தூக்கிக்கொண்டு, போரில் சரணடைந்தவளைப் போல உட்கார்ந்திருப்பாள்.

"சார், எனக்கு மட்டுமாவது ஒரு ஜோடி குடுங்க. பிள்ளையத் தூக்க முடியல" என்று அவள் மேலாளரிடம் கெஞ்சினாள்.

"உனக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்கம்மா. அப்புறம் அழுக்காயிட்டா ஆய்வுக்கு என்னத்தக் காட்டுறது?"

நாத்தனார் வாயை மூடிக்கொண்டிருப்பவள் அல்லள். "சரிதானே அண்ணி? குடைய மழையில நனைய விடலாமா?" என்றாள்.

அடுத்த ஆய்வுக்கு வரவிருந்த அதிகாரி அம்மையார் இம்முறை முன்கூட்டியே கடிதத்தில் ஒரு வெடிகுண்டையே வீசிவிட்டார். போனமுறை கையுறைகள் புத்தம் புதிதாய்ப் பளிச்சென்று இருந்தனவாம். தினமும் உழைத்துக் கறைபடிந்த கையுறைகளைக் கண்ணால் கண்டால்தான் அடுத்த ஒப்பந்தமாம்.

மேலாளருக்கு வியர்த்துக் கொட்டியது. பெண்களிடம் கொடுத்து வேலை வாங்கினால் கறை தானே படிந்துவிடும். ஆனால் கணக்கு எழுதும் மைத்துனன் அவர் காதில் கிசுகிசுத்தான்: "இவங்ககிட்ட போனா திரும்பி வருமா மாமா? கறைதானே வேணும்? நாமளே பூசிருவோம்."

கொட்டகை அடைத்திருந்த விடுமுறை நாளில் ஓட்டெண்ணெய் வாளியை நடுவில் வைத்துக்கொண்டு இரு கனவான்களும் சட்டைக் கையை மடித்துவிட்டார்கள். விரல் விரலாக, மடிப்பு மடிப்பாக, வெறுங்கையால் பூசினார்கள். அது தங்களையும் சுடும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. தோன்றுவானேன்? அந்த எண்ணெய் பெண்களை மட்டுமே சுடும் என்று இத்தனை காலமும் நம்பி வந்தவர்கள் அல்லவா!

"பாத்தியா மச்சான், அசல் பழசு மாதிரியே இருக்கு!" என்று மேலாளர் பூரித்தார்.

ஆய்வு நாள் வந்தது. கறை பூசிய கையுறைகளோடு பெண்கள் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். அம்மையார் அகமகிழ்ந்து, மேலாளரைப் பாராட்டக் கை நீட்டினார். மேலாளரின் கைகள் முதுகுக்குப் பின்னால் ஓடின.

"என்ன சார், கையில என்ன?"

வேறு வழியின்றிக் கைகள் முன்னே வந்தன. விரலுக்கு விரல் கொப்புளம்.

"ஓட்டெண்ணெய் மேடம்" என்றாள் நாத்தனார். "கையுறை போடாம தொட்டா அப்படித்தான் ஆகும். நாங்க எல்லாரும் போட்டிருக்கோம், பாருங்க. இவரும் இவரு மச்சானும்தான் சொன்னா கேக்கிறதில்ல."

அம்மையாரின் கண்கள் கலங்கின. தொழிலாளர் நலநிதி என்று ஒன்று உண்டு. டப்பாவுக்கு டப்பா அதன் பெயரைப் போட்டிருப்பார்கள். அந்த நிதியின் முதல் உதவி, மேலாளரின் கொப்புளத்துக்கும் மைத்துனனின் கொப்புளத்துக்கும் அந்த இடத்திலேயே வழங்கப்பட்டது. பெண்களின் கைகளிலும் புண் இருந்தது. புண்ணின்மேல் கையுறை இருந்தது. அறத்தை அளக்க வந்த கண் அந்த உறைக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

கார் கிளம்பியதும் மேலாளர் நிமிர்ந்தார். "ம்... எல்லாரும் கழட்டிக் குடுங்க."

பச்சப்புள்ளக்காரி முதலில் எழுந்தாள். கையுறையைக் கழற்றி அவர்முன் நீட்டினாள். பிசுபிசுத்த எண்ணெய் வெளிச்சத்தில் மினுங்கியது.

"இந்தாங்க சார். கைய நீட்டுங்க."

கைகள் மறுபடியும் முதுகுக்கு ஓடின. மேலாளர் மைத்துனனைப் பார்த்தார். மைத்துனன் கூரையைப் பார்த்தான்.

"மேசைமேல வைம்மா."

"மேசையில ஒட்டுமே சார். அதுலதானே நீங்க கை வைப்பீங்க?"

"சரி, அலமாரியில போடு."

"உங்க சாப்பாட்டு டப்பா அங்கதான சார் இருக்கு?"

மேலாளர் ஓரடி பின்வாங்கினார். அவள் ஓரடி முன்வைத்தாள்.

"எடுத்துட்டுப் போய்த் தொலைங்க எல்லாரும்!"

"அப்படியே ஆகட்டும் சார்" என்று நாத்தனார் கும்பிட்டாள், கையுறையோடு.

அன்று மதியம் மேலாளரின் மனைவி தன் கணவருக்கும் தம்பிக்கும் மாறி மாறிச் சோறு ஊட்டினாள். இருவரும் கைகளைக் காற்றில் தூக்கியபடி வாயைத் திறந்திருந்தார்கள்.

பச்சப்புள்ளக்காரியின் கைகள் ஆற நாளாயிற்று. ஆறிய பிறகு ஒரு மாலை, வேலை முடிந்து கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவிய விரலால் பிள்ளையின் கன்னத்தை மெல்லத் தொட்டுப் பார்த்தாள். அது அழவில்லை. விரலைப் பிடித்து வாய்க்குள் இழுத்தது.

"குடுங்க அண்ணி, நான் பிடிச்சுக்கிறேன்" என்று வழக்கம்போல் நாத்தனார் கை நீட்டினாள்.

"ஒண்ணும் வேணாம், போ" என்றாள் அவள்.