பெட்டி மாறிய ஸ்டிக்கர்

மார்ச் 12, செவ்வாய்

இன்று ஒரு தவறு செய்தேன். சின்னத் தவறுதான். ஆனால் எழுதி வைக்காவிட்டால் நாளைக்கே அது தவறில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அக்காவின் பழைய கணினியின் முதுகில் இருந்த உரிம ஸ்டிக்கரை உரித்து வேறொரு கணினிப் பெட்டியில் ஒட்டினேன்.

முதலிலிருந்து எழுதுகிறேன். அக்கா ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறாள். எழுத்து வெட்டும் இயந்திரம் ஒரு கணினியின் சொல்லைக் கேட்டுத்தான் ஓடும். போன வாரம் அந்தக் கணினியின் மதர்போர்டு போய்விட்டது. ஹார்ட் டிஸ்க் மட்டும் பிழைத்தது. புதிதாகத் திறக்கப்போகும் மருத்துவமனையின் கதவுகளுக்கெல்லாம் பெயர் வெட்டும் வேலை அவள் கையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை ஒட்டியாக வேண்டும். அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. தவறவிட்டால் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடும்.

மாலை வகுப்பில் கணினி பழுதுபார்க்கக் கற்கிறேன் என்ற ஒரே தகுதியோடு நான் முந்திக்கொண்டேன். அத்தான், தன் அலுவலகத்தில் வேண்டாமென்று கொடுத்துவிட்ட ஒரு கணினிப் பெட்டியைத் தூக்கிவந்தார். அதிலிருந்த டிஸ்கைக் கழற்றி, எதற்கும் சுத்தமாக இருக்கட்டும் என்று முழுதாக அழித்து ஓரமாக வைத்தேன். அதன் இடத்தில் அக்காவின் டிஸ்கைப் பொருத்தினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அக்காவின் பூனைப் படத்தோடு திரை வந்தது.

"பாத்தியாக்கா? ஆள் அப்படியே வந்துட்டான். வீடுதான் வேற" என்றேன்.

"வாடகை யார் குடுக்கிறது?" என்று அத்தான் சிரித்தார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார்.

அதற்குள் திரையின் மூலையில், இயங்குதளம் இன்னும் செயல்படுத்தப்படவில்லை என்ற வரி முளைத்தது. பழைய கணினியில் அது தொழிற்சாலையிலேயே ஏற்றி வந்தது. உரிம எண் ஸ்டிக்கரில் இருந்தது. ஸ்டிக்கர்தானே அத்தாட்சி, அதையும் கூட்டிவந்துவிட்டால் சரியாகிவிடும் என்று என் புத்திக்குத் தோன்றியது. கடையில் இருக்கும் சூட்டுக்காற்றுக் கருவியைப் பிடித்து, ஓரம்கூட மடங்காமல் உரித்தேன். புதுப் பெட்டியில் நேராக ஒட்டினேன். எண்ணைத் தட்டினேன். ஏற்கவில்லை.

இயந்திரமும் அடம்பிடித்தது. ஒரு கதவுக்கு 'அறுவை சிகிச்சை' என்று வெட்டக் கொடுத்தோம். முதல் சொல் முடிந்ததும் திரை நீலமாகி நின்றுவிட்டது.

அக்கா பாதித் தாளைத் தூக்கிப் பார்த்தாள். "வெறும் 'அறுவை'ன்னு கதவுல ஒட்டினா டாக்டர் கோவிச்சுக்க மாட்டாரா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாலை வகுப்பில் விஷயத்தைச் சொன்னேன். எதற்கெடுத்தாலும் ஓடுவதால் நாங்கள் 'அவசரம்' என்று கூப்பிடும் நண்பன் உரிமம் இல்லாமலே ஏமாற்றி இயக்கும் மென்பொருளோடு உடனே ஒரு பென்டிரைவை நீட்டினான். "இதைப் போடு. அந்த வரி இருந்த இடமே தெரியாது. எல்லாரும் பண்றதுதான், நீ மட்டும் என்ன பெரிய நீதிபதியா?"

வாங்கிக்கொண்டு வந்தேன். வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லை. கடையில் அக்கா, "என்னடி அது?" என்று கேட்டபோது மறைக்கவும் தைரியமில்லை. சொல்லிவிட்டேன்.

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "போன மாசம் ஒருத்தர் வந்தாரே, போலி சார்ஜருக்குப் பெரிய கம்பெனி ஸ்டிக்கர் அடிச்சுக் குடுன்னு. அவரை எதுக்குத் திருப்பி அனுப்பினேன்? நீயும் இங்கதானே இருந்தே?"

"இருந்தேன்க்கா."

"அப்போ இதையும் அவர்கிட்டயே குடுத்து அனுப்பியிருக்கலாம்." பிறகு பெட்டியைத் திருப்பி ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்தாள். "அழகா உரிச்சிருக்கே. ஆனா டப்பால நான் 'தேன்'னு ஒட்டினா உள்ள தேன் வந்துடுமா?"

பென்டிரைவைப் பையில் போட்டுவிட்டு, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். உரிம நிபந்தனைகளைத் திறந்து வரி வரியாகப் படித்தேன். தொழிற்சாலையில் ஏற்றிய இயங்குதளம் அந்தக் கணினிக்கு மட்டுமே. அந்தக் கணினியோடு முடிந்துவிடும். டிஸ்கைத் தூக்கிப்போனாலும் உரிமை கூடவே வராது.

படித்து முடித்ததும் வேறொன்று உறைத்தது. அப்படியானால் அத்தான் கொண்டுவந்த பெட்டிக்கும் சொந்தமாக ஒன்று இருந்திருக்குமே? இருந்தது. அதைத்தான் நான் சுத்தம் என்ற பெயரில் அழித்தேன்.

கணினியில் பதிந்திருக்கும் உரிம எண்ணைக் காட்ட வகுப்பில் சொல்லிக்கொடுத்த கட்டளையைத் தட்டினேன். அழிந்தது டிஸ்கில் இருந்தது மட்டும்தான். உரிம எண் மதர்போர்டிலேயே பத்திரமாக இருந்தது. அது இயங்குதளத்தின் வீட்டுப் பதிப்புக்கானது. அக்காவுடையது அலுவலகப் பதிப்பு. அதனால்தான் இரண்டும் ஒட்டவில்லை. விருந்தாளிக்கு இடம் பிடிக்கும் மும்முரத்தில் வீட்டுக்காரரை நான் கேட்கவே இல்லை. இயந்திரம் நின்றதற்கும் பழைய மதர்போர்டுக்கான டிரைவர் மென்பொருள்கள்தான் காரணம் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நாளைக்கு ஓடுமா?"

"தெரியலைக்கா."

"இன்னிக்கு நீ பேசினதுலயே இதுதான் நம்புற மாதிரி இருக்கு." கொஞ்சம் யோசித்தாள். "ஓடலைன்னா மத்தியானமே சொல்லிடு. அடுத்த தெருக்காரர்கிட்ட நானே போய் வெட்டித் தரச் சொல்றேன்."

"அவர்கிட்டயா? வேலையே அவருக்குப் போயிடுமேக்கா."

"போகட்டும். ஆஸ்பத்திரி திறக்கிற அன்னிக்குக் கதவுல பேர் இல்லாம இருக்கக் கூடாதுடி."

புறப்படும்முன் ஸ்டிக்கரை மறுபடி உரித்துப் பழைய பெட்டியிலேயே ஒட்டினேன். இந்த முறை ஒரு மூலை கிழிந்துவிட்டது.

நாளை: காலையில் முதல் வேலையாகப் பென்டிரைவை 'அவசர'த்திடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். பெட்டியின் சொந்த டிஸ்கை மாட்டி வீட்டுப் பதிப்பைப் புதிதாக நிறுவ வேண்டும். பிறகு வெட்டும் இயந்திரத்தின் மென்பொருளை ஏற்றி, அக்காவின் வடிவங்களை மட்டும் பழைய டிஸ்கிலிருந்து நகலெடுக்க வேண்டும். மத்தியானத்துக்குள் ஒரு கழிவுத் தாளில் 'அறுவை சிகிச்சை' என்று இரண்டு சொல்லையும் முழுதாக வெட்டிப் பார்க்க வேண்டும்.