காதல் சீட்டில் பொதுப்பலன்

"ஒரு பொருளைத் தொலைச்சிட்டேன். கிடைக்குமான்னு பார்த்துச் சொல்லுங்க" என்று அவர் கேட்டபோது எனக்குத் துளிகூடச் சந்தேகம் வரவில்லை. சலவைக் கடைக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவளிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் எதையாவது தொலைத்தவர்கள்தான். சட்டைப் பையில் மறந்த சாவி, ஒற்றைக் காலுறை, கழன்று விழுந்த தோடு. துணி தயாராகும்வரை சும்மா நிற்பானேன் என்று என்னிடம் சீட்டுப் பார்க்கச் சொல்வார்கள். நானும் பார்ப்பேன். என் வாய் சும்மா இருந்தால் எனக்கே பிடிக்காது.

என்னிடம் இருப்பது டாரோ என்கிற குறிபார்க்கும் சீட்டு, அதிலும் காதலுக்கென்றே அச்சடித்த சீட்டு. தங்கை கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. கல்யாணம் ஆன சூட்டோடு, "இனிமே எனக்கு இது எதுக்குக்கா" என்று என் தலையில் கட்டிவிட்டாள். எந்தச் சீட்டை எடுத்தாலும் ஓர் ஆணும் பெண்ணும்தான். கட்டிக்கொண்டு நிற்பார்கள், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், ஒரே குடைக்குள் முறைத்துக்கொண்டு போவார்கள். கடைக்கு வருகிறவர்கள் கேட்பதோ வேலை, வீடு, பிள்ளையின் பரீட்சை, பழைய வண்டி விலை போகுமா போகாதா.

முதலில் சீட்டில் இருந்ததை அப்படியே வாசித்துக்கொண்டிருந்தேன். குளிர்பெட்டி வாங்கலாமா என்று ஒருவர் கேட்டார். வந்தது 'மூன்றாம் ஆள்'. உங்களுக்குள்ளே யாரோ ஒருத்தி நுழைந்திருக்கிறாள் என்று சொல்லித் தொலைத்தேன். அவர் மனைவி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். குளிர்பெட்டி வாங்கினார்களோ இல்லையோ, அதோடு எங்கள் கடைக்கு முழுக்குப் போட்டுவிட்டார்கள். அப்புறம்தான் எனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டேன். சீட்டில் ஆள் வந்தால் பொருளாக்கிச் சொல்லிவிடுவது. 'அணைப்பு' வந்தால் வேலை நிரந்தரம். 'முதல் முத்தம்' என்றால் புது வண்டி. 'மூன்றாம் ஆள்' என்றால் தரகர். யாருக்கும் வம்பில்லை, எல்லாரும் சிரித்த முகத்தோடு துணியை வாங்கிக்கொண்டு போவார்கள்.

கவுண்டருக்கும் தேய்க்கிற இடத்துக்கும் நடுவில் ஒரு திரை. அது தரையைத் தொடாது, முழங்காலுக்குக் கீழே எல்லாம் தெரியும். அந்தப் பக்கம் நின்று தேய்ப்பவளை நாங்கள் 'புதுசு' என்று கூப்பிடுவோம். வந்து சில மாதங்கள் ஆகியும் பேர் மாறவில்லை. கடைக்கு மேலே இருக்கிற அறையில் தங்கியிருந்தாள். அதிர்ந்து பேச மாட்டாள், ஆனால் கை பேசும். அவள் மடித்த சட்டையை ஆயிரம் சட்டைக்கு நடுவிலும் நான் கண்டுபிடித்துவிடுவேன். எல்லாரும் இரண்டு கையையும் பின்னால் மடிப்பார்கள். அவள் வலது கையை மட்டும் முன்னால் கொண்டுவந்து, பித்தானைப் போட்டு, சட்டைப் பையை மூடினாற்போல் வைப்பாள். சட்டை தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சத்தியம் பண்ணுவது போல இருக்கும். வாடிக்கையாளர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. என் முதுகுக்குப் பின்னால் உள்ள அலமாரியில் அப்படித்தான் வரிசையாக அடுக்கி வைத்திருப்போம்.

போன வாரம் அவளும் ஒரு கேள்வி கேட்டாள். "அக்கா, இந்த ரூமைக் காலி பண்ணிட்டு வேற ஊருக்குப் போயிடலாமான்னு இருக்கு. சீட்டு என்ன சொல்லுதுன்னு பாருங்களேன்."

வந்தது 'திரும்பி வருபவர்'. வாசலில் பெட்டியோடு ஓர் ஆண், உள்ளே நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண். வீட்டைப் பற்றித்தானே கேட்டாள் என்று வழக்கம்போல ஆளை எடுத்துவிட்டேன்.

"போன நல்ல காலம் உன்னைத் தேடிக்கிட்டுத் திரும்பி வருதுன்னு அர்த்தம். எங்கயும் போகாதே. இங்கயே இரு" என்றேன்.

அவள் போனால் தேய்க்கிற வேலையும் என் தலையில் விழும் என்ற கவலை எனக்கு. அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். நாள் முழுக்க ஆவியில் நிற்கிறவள், வெளுக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். முகம் பார்த்துத்தான் பலன் சொல்கிறேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிற லட்சணம் இது.

இன்று மத்தியானம் அவர் வந்தார். நல்ல உடை, மரியாதையான பேச்சு. ஒரு நீலச் சட்டையைக் கொடுத்தார். துவைத்த சட்டைதான், கசங்கி மட்டும் இருந்தது.

"தேய்ச்சா போதும். இருந்து வாங்கிட்டுப் போறேன்."

சட்டையைக் கொண்டுபோய்ப் புதுசின் மேஜையில் போட்டேன். அவள் குனிந்து இஸ்திரிப் பெட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தால் அவர் கவுண்டரில் கிடந்த சீட்டுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் தொலைந்த பொருளைப் பற்றிக் கேட்டார்.

கலைக்கச் சொல்லிக் கொடுத்தேன். நிதானமாகக் கலைத்தார். கண் மட்டும் என் தோளுக்கு மேலே எங்கோ இருந்தது. விலைப்பலகையைப் படிக்கிறார் என்று நினைத்தேன்.

'அணைப்பு', 'ஒரே குடை', 'பூட்டிய கதவு' என்று மூன்று சீட்டுகள் விழுந்தன. தொலைந்த பொருள் என்றால் நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான். பக்கத்தில் இருக்கிறது. கேட்கிறவருக்கு ஆறுதலாக இருக்கும், பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும்.

"பயப்படாதீங்க, ரொம்பப் பக்கத்துலதான் இருக்கு" என்றேன். "ஒரு பொம்பளை புழங்குற இடம். சூடான இடமாத் தெரியுது. கதவு சாத்துன மாதிரி, ஏதோ மறைவா."

சாவியெல்லாம் அடுப்புப் பக்கம்தான் கிடைக்கும், அந்த நினைப்பில் சொன்னது.

"யாராவது எடுத்துட்டுப் போயிருப்பாங்களா?"

"இல்லைங்க. அதுவாத்தான் போயிருக்கு."

அவர் சிரித்தார். "அதுவாத்தான் போயிருக்கு. ரொம்பச் சரியாச் சொல்றீங்க."

'அணைப்பு' சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கட்டைவிரல் நகத்தால் படத்தில் இருந்த பெண்ணை மட்டும் சுரண்டினார். முகத்திலிருந்து கீழே வரைக்கும், மெதுவாக.

"என்ன பொருள்னு நீங்க கேட்கவே இல்லையே" என்றார்.

அந்த நேரம் பார்த்துத் திரைக்குப் பின்னால் சத்தம் நின்றது. இஸ்திரிப் பெட்டியின் ஆவி நாள் முழுக்கச் சீறிக்கொண்டே இருக்கும், காதில் விழாது. நின்றால்தான் கேட்கும். அது அவர் காதிலும் விழுந்தது.

"உள்ள தேய்க்கிறது யாரு?"

நான் மீதிச் சீட்டுகளை அள்ளி அடுக்க ஆரம்பித்தேன். அவரே பேசினார். "இந்தப் பக்கம் ஒரு கடை விடலைங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு சட்டை கொடுத்துப் பார்க்கிறேன். எங்க வீட்டுல தேய்ச்சுக் கொடுப்பா பாருங்க, அந்த மாதிரி எங்கயும் வரலை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஆளைப் பொருளாக்கிச் சொல்கிறவள். இவன் ஆளைப் பொருளாக்கிக் கேட்டிருக்கிறான்.

"ஆச்சான்னு பார்த்துட்டு வரேன், உட்காருங்க" என்று எப்படியோ எழுந்து உள்ளே போனேன்.

சட்டை மேஜைமேல் தயாராக இருந்தது. வழவழவென்று தேய்த்து, வலது கையை முன்னால் கொண்டுவந்து, பையின்மேல் வைத்து, பித்தான் போட்டு. புதுசு மேஜைக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். வாயைக் கையால் பொத்தியிருந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டைக் கைப் பித்தானைக் காட்டினாள். நீலச் சட்டையில் அந்த ஒரு பித்தான் மட்டும் வெள்ளை நூலில் தைத்திருந்தது. அவள் தைத்த நூல். சட்டையை விரித்தபோது தெரியவில்லை. கடைசியில் பித்தானைப் போடும்போதுதான் தெரிந்திருக்கிறது. அதற்குள் கை பழகிய வேலையை முடித்துவிட்டது.

சட்டையைப் பிரித்தேன். இரண்டு கையாலும் கசக்கினேன். பெட்டியை எடுத்து ஏனோதானோவென்று தேய்த்தேன். அவசரத்தில் சட்டைக் கையில் இரட்டைக் கோடு விழுந்தது.

"இதோ ஆச்சு, ஒரு நிமிஷம்" என்று கத்தினேன்.

"ஒண்ணும் அவசரமில்லைங்க."

குரல் திரைக்கு அந்தப் பக்கத்திலேயே கேட்டது. கீழே பார்த்தேன். திரையின் ஓரத்துக்குக் கீழே பளபளவென்று இரண்டு காலணிகள் எங்களைப் பார்த்து நின்றன. புதுசும் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மூச்சுக்கூட வெளியே வரவில்லை. எனக்கு வந்த மூச்சு ஊருக்கே கேட்கும் போலிருந்தது.

இரண்டு கையையும் பின்னால் மடித்து, சட்டையை முன்னால் நீட்டிக்கொண்டு திரையை முட்டிக்கொண்டு வெளியே வந்தேன். இடித்துவிடுவேன் என்று அவன் பின்வாங்கினான்.

கவுண்டரில் வைத்ததும் அவன் முதலில் பார்த்தது சட்டைப் பையை. அது மூடாமல் கிடந்தது. அப்புறம் என்னைப் பார்த்தான்.

"நீங்களா தேய்ச்சீங்க?"

"நான்தாங்க. தேய்க்கிற ஆள் நின்னு ரொம்ப நாளாச்சு. எல்லாத்தையும் நான்தான் இழுத்துப் போட்டுச் செய்யறேன்." பேச்சு தானாக ஓடியது. "அந்தச் சீட்டையும் பெருசா எடுத்துக்காதீங்க. அது காதல் சமாச்சாரத்துக்குன்னு போட்டது. பொருளுக்கெல்லாம் சரிப்படாது. நான் வாய்க்கு வந்ததை அடிச்சு விடுறதுதான்."

"இல்லைங்க. எனக்குச் சரியாத்தான் வந்திருக்கு."

இரண்டு மூன்று பேர் மூட்டையோடு கடைக்குள் ஏறினார்கள். அவன் அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினான். சட்டையைக் கையில் போட்டுக்கொண்டான்.

"இன்னைக்கு ஊருக்குத் திரும்பிடலாம்னு இருந்தேன். பக்கத்துலதான்னு சொல்லிட்டீங்களே, தங்கிடறேன். நாளைக்கு இன்னொரு சட்டை கொண்டு வரேன்."

வந்தவர்களின் மூட்டையை எண்ணாமலே வாங்கிப் போட்டு அனுப்பிவிட்டு உள்ளே ஓடினேன். புதுசு வெளியே வந்திருந்தாள். சுவரில் சாய்ந்துகொண்டு பேசினாள். சட்டைப் பையை மூடி மடிக்கச் சொன்னது அவன்தானாம். பையில் என்ன இருக்கிறது என்று அவள் பார்க்கவில்லை என்பதற்கு அது அடையாளமாம். பித்தான் கழன்றிருந்தால் அன்றைக்கு அடி. பழகிப் பழகி, இப்போது யார் சட்டையை மடித்தாலும் கை அப்படித்தான் போகிறது.

"போலீசுக்குப் போகலாம், வா" என்றேன்.

"போயாச்சுக்கா, ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் சமாதானம் பேசி அவன்கூடவே அனுப்பி வச்சாங்க."

துணி விநியோகிக்கிற வண்டிக்காரருக்குப் போன் போட்டேன். நல்ல மனுஷர், ஒரு கேள்வி கேட்காமல் வண்டியைப் பின்வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அவளை வேறு ஊரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தால் என் வாய்க்கும் தெரிந்துவிடும்.

ஒரு பையோடு வந்தவள் வண்டியில் ஏறுவதற்கு முன் நின்றாள்.

"அக்கா, அன்னைக்கு எனக்கு ஒரு சீட்டு எடுத்தீங்களே. அதுல என்ன படம்?"

பொய் சொல்லத்தான் நினைத்தேன். வரவில்லை. "வாசல்ல ஒரு ஆள் பெட்டியோட நிப்பான். திரும்பி வருபவர்னு போட்டிருக்கும்."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அதை அப்படியே சொல்லியிருந்தா நான் அன்னைக்கே போயிருப்பேன்க்கா."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். உறை போட்டுத் தொங்கவிட்ட கோட்டுகளுக்கும் புடவைகளுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். வண்டி சந்து முனையில் திரும்பும்வரை நின்று பார்த்தேன். பின்னால் யாரும் போகவில்லை. அந்த மட்டுக்கும் போதும் என்று பெருமூச்சு விட்டேன்.

கடையை இன்று சீக்கிரமே சாத்திவிடலாம் என்று முன்பக்கம் சுற்றி வந்தேன். எப்போதும் உள்ளே இருந்தே பார்க்கிற கடையை, வாடிக்கையாளர் நிற்கிற இடத்தில் நின்று இன்றுதான் பார்த்தேன். விலைப்பலகை இடது பக்கச் சுவரில் இருக்கிறது. என் நாற்காலிக்கு நேர் பின்னால் இருப்பது அலமாரி. மேலிருந்து கீழ்வரை தேய்த்து அடுக்கிய சட்டைகள். ஒவ்வொன்றும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு இருந்தது.

சீட்டைக் கலைக்கும்போது அவன் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பலன் சொல்வதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆள் நின்றுபோய் ரொம்ப நாளாச்சு என்று நான் சொன்னபோது, தலையை ஆட்டி மரியாதையாகக் கேட்டுக்கொண்டானே, அப்போதும் தெரிந்திருக்கிறது.

நாளைக்கு அவன் வருவான். அவள் இருக்க மாட்டாள். அவளை எங்கே அனுப்பினாய் என்று கேட்பதற்கு, இந்தக் கடையில் நான் ஒருத்திதான் இருப்பேன்.