ஒற்றை விசில்

மூன்றாம் மாடி வீட்டின் ஜன்னல்கள் இரண்டையும் கண்டக்டர் இழுத்துச் சாத்தினார். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள், செருப்பை மாட்டியபடியே திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, இந்த வெயில்ல ரெண்டையும் சாத்தினா வெந்துபோயிடுவீங்க."

"தெறந்தா ரோட்டுத் தூசி மொத்தமும் என் நெஞ்சுலதான் வந்து உக்காரும். குளிர்காலத்தையே தாண்டி வந்துட்டேன், வெயிலா என்னைச் சாய்ச்சிடப்போவுது? நீ கெளம்பும்மா."

ஓய்வு பெற்று ஏழு ஆண்டுகள் ஆகியும் தெருவுக்கு அவர் கண்டக்டர்தான். முப்பது ஆண்டுகள் பேருந்தின் பின்படியில் நின்று டீசல் புகையைக் குடித்ததில் நுரையீரல் நைந்துபோயிருந்தது. குளிர்மாதங்கள் வந்தால் வீடே அவருக்காக அஞ்சும். போர்வையை மடித்து அலமாரியில் வைத்ததும் அந்த அச்சத்தையும் சேர்த்து மடித்து வைத்துவிடும். முன்பெல்லாம் இரண்டு வாரத்தில் விடைபெற்ற கடும் வெயில் இப்போது இரண்டு மாதம் தங்கிவிடுகிறது என்பதை எல்லோரும் பேசினார்கள். அதை அவருடைய மூச்சோடு சேர்த்துப் பார்க்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பகலில் தனியாக இருப்பவரை யாராவது விசாரித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது, அதற்கு வழி கண்டவர் கண்டக்டரே. தினமும் பன்னிரண்டு மணிக்குப் பழைய விசிலை எடுத்து இரண்டு முறை ஊதுவார். தரைத்தளத்துத் தையற்காரர் கத்தரிக்கோலால் ஜன்னல் கம்பியைத் தட்டி, 'கேட்டது' என்று பதில் சொல்வார். அவ்வளவுதான் ஏற்பாடு.

அன்று பத்து மணிக்கே கூரை நெருப்பை இறக்கியது. காற்றாடி சுடுகாற்றையே சுழற்றிச் சுழற்றித் தந்தது. மூச்சு குட்டையாகிக்கொண்டே வந்தது. தையற்காரரைக் கூப்பிடலாம்தான். ஆனால் பள்ளி திறக்கப்போகும் நேரம். சீருடைகள் மலையாய்க் குவிந்திருக்கும். 'உள்ளே போங்க, உள்ளே போங்க' என்று ஆயிரம் பேரை அதட்டியவருக்கு, ஒரே ஒருவரை 'மேலே வாப்பா' என்று அழைக்க நா எழவில்லை. பன்னிரண்டு மணி விசிலுக்காக மூச்சைச் சேமித்துக்கொண்டு அசையாமல் படுத்திருந்தார். விசில் கேட்டுவிட்டால் யாரும் பதற மாட்டார்கள் அல்லவா!

நேரம் வந்தது. இருந்ததையெல்லாம் திரட்டி ஊதினார். ஒரு விசில் எழுந்தது. இரண்டாவதற்கு வெறும் காற்றுகூட மிஞ்சவில்லை.

கத்தரிக்கோல் சத்தம் வரவில்லை. தையல் இயந்திரத்தின் கடகடப்பு நின்றது. அடுத்த நொடி, படிகளில் தடதடவென்று காலடிகள்.

"அண்ணா! கதவைத் தெறக்க எந்திரிக்காதீங்க, சாவி எங்கிட்ட இருக்கு!"

நீலம் பாரித்த உதடுகளைக் கண்டதும் தையற்காரர் இன்ஹேலரைத் தேடி எடுத்தார். அதைக் கண்டக்டரின் வாயில் வைத்து அழுத்தினார். அவரை முதுகில் சுமந்தே நாற்பது படிகளையும் இறங்கினார். கடையின் ஈரத்துணி கழுத்தில் குளிர்ந்தபோதுதான் கண்டக்டருக்கு உலகம் திரும்பியது. தையற்காரர் போனில் அழைத்த ஆம்புலன்ஸும் வந்து சேர்ந்தது.

மறுநாள் மருத்துவமனையில் அந்த மருத்துவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, உடம்பு சூட்டைத் தணிக்கவே வேகமா மூச்சு வாங்கும். நைஞ்ச நுரையீரல் அதுக்கு ஈடுகொடுக்காது. காத்து அசையலைன்னா வண்டிப் புகையும் தெருவுலயே நிக்கும். இந்த வாரம் உங்களை மாதிரி நாலு பேர் வந்தாங்க. ரெண்டு பேரைக் காப்பாத்த முடியல. அவங்க கதவைத் தட்ட ஆளில்ல."

கண்டக்டர் தலையைத் திருப்பினார். கட்டிலருகே நின்றிருந்த தையற்காரரைப் பார்த்தார்.

"விசில்தான் கேட்டுச்சே, எதுக்குப்பா ஓடி வந்த?"

"ரெட்டை விசில்னா வண்டி போலாம், ஒத்தை விசில்னா வண்டி நிக்குதுன்னு அர்த்தம். சின்ன வயசுல உங்க பஸ் படிக்கட்டுல தொங்கினேன்னு ஒத்தை விசில் ஊதி, நடுரோட்டுல என்னை இறக்கிவிட்டீங்களே, அந்தச் சத்தம் மறக்குமா?"

படுத்திருந்தவர் சிரித்தார், சிரிப்போடு கண்ணீரும் வந்தது. "அன்னைக்கு நான் உன்னை இறக்கிவிட்டேன். இன்னைக்கு நீ என்னை ஏத்திவிட்டுட்ட. எந்தப் பிறவியில இதுக்கு ஈடு செய்வேன் தம்பி?"

"பெரிய வார்த்தையெல்லாம் வேணாம்ணா. மத்தியானத்துல கடைக்கு வந்து உக்காருங்க. பட்டன் தைக்க ஆள் இல்ல."

வீடு திரும்பிய அன்று தெருவாசிகள் நலம் விசாரிக்கக் கடைவாசலில் கூடினார்கள். மடியில் பொத்தான் டப்பாவோடு கண்டக்டர் நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"வண்டிப் புகையில பாதி என் நெஞ்சுக்குள்ள போச்சு, பாதி வானத்துக்குப் போச்சு. வானத்துக்குப் போனது சூடா திரும்பி வந்து, நெஞ்சுக்குள்ள இருந்ததோட சேர்ந்துக்கிச்சு. அதனால புகையைக் குறைங்க, குப்பையைக் கொளுத்தாதீங்க. மூச்சு வாங்குறவங்களுக்குக் குளிர் மட்டும் எதிரியில்ல, வெயிலும் ஆளைக் கொல்லும். வெயில் ஏறினா அவங்க கதவைத் தட்டுங்க. முடியாதவங்க வாயைத் தெறந்து கூப்பிடுங்க, அதுல வெக்கமே இல்ல. நான் கூப்பிடல, இவன் வந்தான். அதனாலதான் இன்னைக்கு உங்க முன்னாடி உக்காந்திருக்கேன்."

மணி பன்னிரண்டானது. கண்டக்டர் விசிலை எடுத்து, நிதானமாக, இரண்டு முறை ஊதினார். பக்கத்திலேயே இருந்தும், தையற்காரர் கத்தரிக்கோலால் ஜன்னல் கம்பியைத் தட்டினார்.